வாக்கும் வாக்குமூலமும்

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கொன்றின் கட்டு மேசைக்கு வந்தால் நாங்கள் குற்றப்பத்திரத்தை முதலில் படிப்பதில்லை. தேதிகளைத்தான் தேடுவோம். கைது செய்த நாள், தடுப்புக் காவல் உத்தரவில் கையெழுத்து விழுந்த நாள், வாக்குமூலம் எழுதப்பட்ட நாள், நீதவான் முன் முதன்முதலாகக் கொண்டுபோன நாள், சட்ட வைத்திய அதிகாரி உடம்பைப் பார்த்த நாள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் வழக்கின் முக்கால்வாசி தெரிந்துவிடும். வாக்குமூலத்தின் தேதி பெரும்பாலும் கைதுக்கும் நீதவானுக்கும் இடைப்பட்ட காலத்துக்குள் விழுந்திருக்கும். வைத்தியர் பார்த்த நாள் கடைசியில், சில வழக்குகளில் வருடங்கள் கழித்து வரும். அடுத்துப் பார்ப்பது மொழி. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரின் பேச்சு சிங்களத்தில் தட்டச்சாகி இருக்கும். கீழே ஒரு தமிழ்க் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ இருக்கும். மொழிபெயர்த்தவர் யார் என்று தேடினால் அவரும் பொலிஸ் உத்தியோகத்தராகவே இருப்பார். எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றே எழுதுவோம். வழக்கின் ஒரு தரப்பு என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கு மட்டும் அதன் மற்றப் பொருளும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டது.

பல பத்து வருடங்கள் இந்தக் கட்டுகளோடு வாழ்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது. இலங்கையின் போர்க் கொள்கை, சிறைக் கொள்கை, பிரதிநிதித்துவக் கொள்கை என்று மூன்றைத் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். போரை வரலாற்றாசிரியர்களும் சிறையை மனித உரிமைக்காரர்களும் தேர்தலை அரசியல்வாதிகளும் பங்கிட்டுக்கொண்டார்கள். வழக்குக் கட்டுகளை வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தால் மூன்றும் ஒரே கதையாக இருக்கின்றன. எந்த வருடங்களில் வடக்கு கிழக்கு மக்களின் வாக்குக்கு மதிப்புக் குறைந்ததோ அந்த வருடங்களில்தான் வாக்குமூலத்துக்கு மதிப்புக் கூடியது. தன் பிரதிநிதி மூலம் அரசோடு பேசும் வழி அடைபட்ட சமூகத்திடம் அரசு வேறொரு வழியில் பேச்சை வாங்கியது. பூசாத் தடுப்பு முகாமிலும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நான்காம் மாடியிலும் எழுதி வாங்கிய அந்தப் பேச்சைத்தான் சட்டம் நம்பியது. நான் சொல்ல வருவது இவ்வளவே: இந்தச் சட்டம் நீடிப்பதற்குக் காரணம் பயங்கரவாதம் நீடிப்பது அன்று. சட்டத்தால் பாதிக்கப்படுபவர்கள் அதை மாற்றக்கூடிய இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளப்பட்டதுதான் காரணம்.

1979 யூலையில் இந்தச் சட்டம் வந்தபோது அதன் தலைப்பிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. மூன்று வருடமே அதன் ஆயுள். அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்க அனுப்பப்பட்டார். டிசம்பர் 31 க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்பது ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன அவருக்குக் கொடுத்த கட்டளை. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று வருடச் சட்டம் கிடைத்தது. 1982 இல் ஒரு திருத்தம் அந்த மூன்று வருட எல்லையையும் எடுத்துவிட்டது. பாராளுமன்றத்தின் 168 ஆசனங்களில் 140 ஐ ஆளுங்கட்சி வைத்திருந்த காலம் அது. அந்தப் பெரும்பான்மைக்கு எந்த வாதமும் தடையாக இல்லை. பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்தோடு மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம், அந்த உத்தரவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்றது சட்டம். நீதவான் முன் கொண்டுவந்தாலும் வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சட்டமா அதிபர் சம்மதித்தால் மட்டுமே விட முடிந்தது. நீதவானின் கதிரை அங்கேயே இருந்தது, அதில் இருப்பவரின் அதிகாரம் மட்டும் போய்விட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் இளம் சட்டத்தரணிகள் பிணை விண்ணப்பத்தை விரிவாகத் தயாரித்துக்கொண்டு போவார்கள். நீதவான் பொறுமையாகக் கேட்பார். பிறகு அடுத்த தவணையைச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே வருடங்களில் வாக்குக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வடக்கின் 14 ஆசனங்களும் அதில் அடங்கும். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1982 டிசம்பர் 22 இல், பொதுத் தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக, இருக்கும் பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவானோர் ஆம் என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கினர் இல்லை என்றார்கள். அந்த 'இல்லை' எங்கும் கணக்கில் சேரவில்லை. அதே 1982 இன் ஒக்டோபரில், வட்டுக்கோட்டை உறுப்பினர் இறந்து வெறுமையான ஆசனத்துக்குக் கூட்டணி ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த குட்டிமணியின் பெயரைக் கொடுத்தது. அவர் மரண தண்டனை விதிக்கப்பட்டு வெலிக்கடைச் சிறையில் இருந்தார். சத்தியப்பிரமாணம் செய்ய அவரைச் சிறையிலிருந்து விடவில்லை. அவர் பதவியைத் துறக்க, அந்த இடத்துக்கு நீலன் திருச்செல்வம் வந்தார். 1983 யூலை 25 இலும் 27 இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். குட்டிமணியும் தங்கத்துரையும் அவர்களுள் இருந்தார்கள். அரசின் பூட்டுக்குள், அரசின் சாவி இருந்த இடத்தில் நடந்த அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழிவதற்குள் பாராளுமன்றம் கூடியது. வெலிக்கடையைப் பற்றிச் சட்டம் செய்யவில்லை. ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் உறுப்பினராக இருக்க முடியாது என்பது அதன் சாரம். கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். 1989 பெப்ரவரித் தேர்தல் வரை வடக்குக்கு அந்தப் பாராளுமன்றத்தில் தெரிவான குரல் இல்லை.

அந்த ஐந்தரை வருடங்கள் எவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். போர் சிறு குழுக்களின் தாக்குதலாக இருந்து முழுப் போராக மாறிய வருடங்கள் அவை. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பூசாவுக்குக் கப்பலில் ஏற்றப்பட்ட வருடங்கள். 1987 யூலையில் இந்தியாவோடு உடன்படிக்கை எழுதி, அந்த நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாவது திருத்தத்தை நிறைவேற்றிய வருடமும் அதற்குள்தான் வருகிறது. வடக்குக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை வடக்கு தெரிவு செய்த ஒருவரும் இல்லாத மண்டபத்தில் தீர்மானித்தார்கள். பிறகு வந்த முப்பத்தைந்து வருடமும் தமிழர்கள் பதின்மூன்றாவது திருத்தத்தை ஏற்றார்களா இல்லையா என்று விவாதம் நடக்கிறது. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பது விவாதத்தில் வருவதே இல்லை. இதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1947 தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தபின் 1952 இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. தொகுதிகளைப் பிரிக்கையில் தோட்ட மக்களின் தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை. அவர்கள் பேரில் கிடைத்த ஆசனங்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் தெரிவு செய்தவர்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அந்த மக்களை இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை எனக்கு என்று பங்கிட்டபோது மறுத்துப் பேச அவர்கள் சார்பில் தெரிவான ஆள் இல்லை.

சிறையிலிருப்பவர் பாராளுமன்றத்துக்கு வருவது முறையல்ல, அதனால்தான் குட்டிமணியை விடவில்லை என்று சொல்வார்கள். 2020 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு என்ன நடந்தது? கொலை வழக்கில் சில நாட்களுக்கு முன்னர்தான் மரண தண்டனை பெற்ற இரத்தினபுரி உறுப்பினர் ஒருவர், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் உத்தரவோடு சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சத்தியப்பிரமாணம் செய்தார். விளக்கமறியலில் இருந்தபடியே மட்டக்களப்பில் வென்ற இன்னொருவரும் வந்து அமர்ந்தார். இரு காலத்தின் சட்ட நிலைமையும் அப்படியே ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். மேன்முறையீடு முடியாதவரைத் தகுதியற்றவர் ஆக்கக்கூடாது என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. அந்த நியாயம் 1982 இலும் இருந்தது என்பதுதான் என் குறை. சாதாரணக் கைதிக்கோ இன்னும் மோசம். அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரை ஆறு மாதத்துக்குக் குறையாத தண்டனை பெற்றவரின் வாக்கை, அவர் தண்டனை முடித்து வெளியே வந்தபின்னும் ஏழு வருடத்துக்குப் பறிக்கிறது. விளக்கமறியலில் இருப்பவரின் வாக்கைச் சட்டம் பறிக்கவில்லை, ஆனால் வாக்குச் சாவடி சிறைக்குள் வருவதில்லை. நாட்டின் சிறைகளில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தீர்ப்பு இல்லாதவர்கள். நிரபராதி என்று சட்டம் கருதும் ஒருவர் பதினைந்து வருடம் விளக்கமறியலில் இருந்தால் மூன்று பொதுத் தேர்தலும் மூன்று ஜனாதிபதித் தேர்தலும் அவரைத் தாண்டிப் போய்விடும்.

இனி வாக்குமூலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முழு இயந்திரமும் அந்த ஓர் அச்சில்தான் சுற்றுகிறது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் ஏற்கக்கூடாது என்று 25 ஆம் பிரிவில் சொல்கிறது. காலனி ஆட்சிக்காரர்கள் இலங்கையர் மேல் கொண்ட கருணையால் எழுதியதல்ல அது. காவலில் இருப்பவனின் வாய் அவனுடையதாக இருப்பதில்லை என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. சுதந்திர நாட்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் 16 ஆம் பிரிவில் அதைக் கவிழ்த்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்தால் ஒப்புதல் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை எதிரியே நிரூபிக்க வேண்டும். ஜூரி கிடையாது, ஒரு மேல் நீதிமன்ற நீதிபதி மட்டுமே. இதற்காக நடக்கும் உண்மை விளம்பல் விசாரணைதான் எங்கள் தொழிலின் பெரும்பகுதியைத் தின்றது. கதவு பூட்டிய அறைக்குள் நடந்ததை, அந்த அறையில் இருந்த பொலிஸாரைத் தவிர வேறு சாட்சி இல்லாத ஒன்றை, கைதி நிரூபிக்க வேண்டும். தழும்பு இருந்தால் வைத்திய அறிக்கை கை கொடுக்கும். தழும்பு விடாமல் அடிக்கத் தெரிந்தவர்களிடம் சிக்கியவருக்கு ஒன்றும் இல்லை. சிங்கராசா வழக்கு இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1993 இல் கைதானவர். தமிழ் மட்டுமே தெரிந்தவர். சிங்களத்தில் எழுதப்பட்டுப் பெருவிரல் அடையாளம் வாங்கிய ஒப்புதல் ஒன்றை மட்டும் வைத்து 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையில் போட்டது நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு முடிவு சொன்னது. அதைக் கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு கைதி தட்டிய கதவு அவருக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்த எல்லாருக்கும் பூட்டப்பட்டது.

இப்படி வாங்கிய ஒப்புதல்களின் தரம் என்ன என்பதை எதிரி தரப்பு சொன்னால் நம்பமாட்டார்கள். 2017 யூலையில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் பென் எமர்சன் இலங்கைக்கு வந்து போனபோது சொன்னதை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் இந்த வழக்குகளை விசாரிக்கும் மூத்த நீதிபதி ஒருவர், அந்த வருடம் தன் முன் வந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் ஒப்புதல் பலவந்தத்தால் பெறப்பட்டது என்று தள்ள வேண்டியிருந்ததாக அவரிடம் கூறியிருந்தார். வழக்கு முடியாமல் காவலில் இருந்த 81 பேரில் 70 பேர் ஐந்து வருடத்துக்கு மேலாகவும், 12 பேர் பத்து வருடத்துக்கு மேலாகவும் உள்ளே இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒப்புதல் கடைசியில் தள்ளப்படலாம், ஆனால் அதைத் தள்ளும் நாள் வரும்வரை கைதி உள்ளேதான் இருப்பார். அதனால்தான் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஏற்கெனவே பத்து வருடம் கழிந்துவிட்ட ஒருவரிடம், ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் அல்லது ஒரு வருடப் புனர்வாழ்வு, இல்லையென்றால் இன்னும் எத்தனை தவணையோ தெரியாது என்று சொன்னால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சட்டத்தரணியாக நாங்கள் கொடுக்க வேண்டிய ஆலோசனை அங்கே வெட்கக்கேடானது. நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் செய்தேன் என்று சொல், வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் பல வேளைகளில் நேர்மையான ஆலோசனையாக இருந்தது. 2017 இல் வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து சில வழக்குகளைச் சாட்சிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அநுராதபுரத்துக்கு மாற்றியபோது கைதிகள் சோறு தண்ணீர் விட்டுக் கிடந்ததையும் வடக்கு முழுவதும் கடையடைத்ததையும் இதோடு சேர்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். தன் வழக்கு தனக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும் என்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள். ஒப்புதலைத் தள்ளும் விதி வேலை செய்யாமலும் இல்லை. சிறையிலிருந்து பாராளுமன்றம் வந்த மட்டக்களப்பு உறுப்பினரின் வழக்கு, 2005 நத்தார் ஆராதனையில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டது பற்றியது. அதில் ஒப்புதல் செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட்டார், 2021 இல் எதிரிகள் விடுதலையானார்கள். விதி சரி. அது அவருக்கு வந்த வேகத்தில் மற்றவர்களுக்கும் வர வேண்டும்.

போர் உண்மையாகவே நடந்தது, புலிகள் கொடுமை செய்தார்கள், சாதாரணச் சட்டத்தால் அவர்களை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதும், 1996 இல் மத்திய வங்கிக்குக் குண்டு வைத்ததும் மறக்கக்கூடியவை அல்ல. பிரதிநிதித்துவத்தை அழித்ததில் அரசு தனியாக நின்றதும் இல்லை. அமிர்தலிங்கத்தை 1989 இல் சுட்டதும், நீலன் திருச்செல்வத்தை 1999 இல் தற்கொலைக் குண்டால் கொன்றதும் புலிகளே. 2005 ஜனாதிபதித் தேர்தலில் அவர்கள் போட்ட தடையால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்த அந்தத் தேர்தல்தான் இறுதிப் போரை நடத்திய அரசைக் கொண்டுவந்தது. இவை அனைத்தையும் ஒப்புக்கொண்டபின்னும் என் வாதம் அப்படியே நிற்கிறது. சட்டம் வந்தது 1979 இல், இந்தக் கொடுமைகளுக்குப் பல வருடம் முன்பு. அது தடுக்க வந்த பயங்கரவாதம் அதன் காலத்தில்தான் வளர்ந்தது. பேசும் பிரதிநிதியைச் சட்டம் வெளியேற்ற, பேசாத துப்பாக்கிக்காரன் அவன் இடத்தை எடுத்துக்கொண்டான். பிரதிநிதி இல்லாத இடத்தில் எதுவும் பிரதிநிதியாகலாம் என்பதற்கு 1994 பொதுத் தேர்தலை விடச் சான்று வேண்டாம். பெரும்பகுதி வாக்களிக்க முடியாத யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒரு குழு பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு 9 ஆசனங்களை வென்றது.

போருக்காக வந்த சட்டம் என்றால் 2009 மே மாதத்தோடு அது போயிருக்க வேண்டும். முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டால் பதில் கிடையாது. 2011 ஓகஸ்டில் அவசரகால நிலை நீங்கியது என்று அறிவித்தார்கள். அதே கையோடு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் போட்டார்கள். ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கட்டின் மேல் உறையில் எழுதியிருந்த சட்டத்தின் பெயர் மாறியது. மறுபக்கம் வாக்கின் கணக்கு சுருங்கிக்கொண்டே வந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம், 2015 இல் 7, 2024 இல் 6. செத்தவர்களும் கடல் கடந்தவர்களும் வாக்காளர் இடாப்பில் இல்லை என்பதால் கணக்கு சரிதான். ஆனால் போர் எடுத்த உயிர்களுக்கான விலையைப் பாராளுமன்றத்தில் குறைந்த ஆசனமாகவும் அந்த மக்களே கட்டுகிறார்கள். 2013 செப்டம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்து, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இல் 30 ஆசனம் வென்றது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை 2017 இல் நிறைவேற்றிவிட்டு, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை மறு வருடம் பாராளுமன்றம் 139 க்குப் பூச்சியம் என்று தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. எல்லா மாகாணங்களுக்கும் இதுதான் கதி என்று சொல்லலாம். கொழும்பில் தங்கள் அரசை வைத்திருக்கும் மாகாணங்களுக்கும், அந்தச் சபை ஒன்றே அரசாக இருந்த மாகாணத்துக்கும் இழப்பு ஒன்றல்ல.

2019 ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, பார்த்தீர்களா, இந்தச் சட்டம் வேண்டும் என்று பலர் சொன்னார்கள். சட்டம் அன்று நாற்பது வருடமாக முழுப் பலத்தோடு இருந்தது. இந்தியப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கை ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதை வைத்து ஒன்றும் செய்யாததற்காக 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அங்கே பற்றாக்குறையாக இருந்தது அதிகாரம் அல்ல, கையில் கிடைத்த தகவலைக் கவனித்து வேலை செய்வதுதான். ஒப்புதல் கிடைத்தால் போதும் என்று நாற்பது வருடம் பழகிய பொலிஸுக்கு விசாரிக்கும் பழக்கம் தேய்ந்து போகாதா? ஒப்புதலை விட்டால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பவர்களுக்கு என் பதிலும் இதுவே. தடயத்தைச் சேர்க்கத் தேவையில்லாத சட்டம் தடயம் சேர்க்கத் தெரியாத பொலிஸை உருவாக்குகிறது. குண்டுகளுக்குப் பிறகு சட்டம் யாரைப் பிடித்தது? சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா ஏறத்தாழ இரண்டு வருடம் உள்ளே இருந்தார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காகக் கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதாகி ஒன்றரை வருடம் காவலில் கிடந்து, 2023 டிசம்பரில் நிரபராதி என்று விடுதலையானார். 2022 இல் மாணவர் தலைவர் வசந்த முதலிகே ஆர்ப்பாட்டம் செய்ததற்காக இதே சட்டத்தின் கீழ் ஐந்து மாதம் தடுக்கப்பட்டார். இது சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று கொழும்பு நீதவான் 2023 சனவரியில் விடுவித்தார். முதலிகே சிங்களவர். தமிழர்களுக்கு மட்டும் என்று அலட்சியமாக விட்டுவைத்த சட்டம் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி வந்திருக்கிறது.

சட்டத்தின் கடுமை எல்லோருக்கும் ஒரே அளவு என்றாவது சொல்ல முடிந்தால் ஓரளவு ஆறுதல் இருக்கும். 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர்கள் அனைவரும் பின்னர் விடுபட்டார்கள். அதே வருட டிசம்பரில் மிருசுவிலில் ஒரு குழந்தை உட்பட 8 பேரைக் கொன்ற வழக்கில், பதினைந்து வருடம் கழித்து ஓர் இராணுவச் சார்ஜண்ட் குற்றவாளி ஆனார். உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விட்டார். தண்டனைக்கே காலம் முடியும் தறுவாயில் இருந்த 16 தமிழ்க் கைதிகளுக்கு மன்னிப்புக் கிடைக்க 2021 யூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடச் செப்டம்பரில் சிறைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே அநுராதபுரச் சிறைக்குள் போய்த் தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கி காட்டி மண்டியிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

திருத்துகிறோம், மாற்றுகிறோம் என்ற பேச்சு 2015 இல் ஜெனீவாவில் கொடுத்த வாக்குறுதியிலிருந்து ஓயாமல் நடக்கிறது. 2018 இல் ஒரு வரைவு, 2023 இல் இன்னொரு வரைவு. இரண்டும் பயங்கரவாதம் என்ற சொல்லுக்குள் எதை எதையோ அள்ளிப் போட்டதால் எதிர்ப்பில் நின்றன. 2022 திருத்தம் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்கியது, பிணைக்கு ஒரு வழி திறந்தது, நீதவான் தடுப்பு இடங்களைப் போய்ப் பார்க்கலாம் என்றது. இவற்றால் சில பேர் வீட்டுக்கு வந்தார்கள், அதை நான் சிறிதாக்க மாட்டேன். 16 ஆம் பிரிவை மட்டும் அந்தத் திருத்தம் தொடவில்லை. 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி சட்டத்தை முழுதாக நீக்குவதாக விஞ்ஞாபனத்தில் எழுதியது. அதன் தாய்க் கட்சியின் சொந்தத் தோழர்களே 1980 களில் இதே சட்டத்தின் கீழ் சிறைகளில் கிடந்தவர்கள். 2025 மார்ச்சில், கொழும்பில் ஓர் ஒட்டுச் சிட்டையை ஒட்டியதற்காக ஓர் இளைஞர் அதே சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார். இந்தப் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சிக்கு 225 இல் 159 ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3 அதற்கே போயிருக்கிறது. கொழும்பைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சிக்கு வடக்கு இப்படி வாக்களித்தது இதற்கு முன் நடந்ததில்லை. 1983 இல் அந்த மண்டபத்தில் இல்லாத வாக்கு இன்று ஆளுங்கட்சி வரிசையிலேயே இருக்கிறது. முழுச் சட்டத்தையும் நீக்கக் காலம் வேண்டும், மாற்றுச் சட்டம் வேண்டும் என்றால், 16 ஆம் பிரிவை மட்டும் முதலில் எடுக்கலாம். ஒரு வரித் திருத்தம் அது. அதை எடுத்தால் 1895 இன் 25 ஆம் பிரிவு தானாகவே இந்த வழக்குகளுக்கும் வந்துவிடும். தவணை போட்டுக் கிடக்கும் கட்டுகளில் எத்தனை மிஞ்சும் என்பதை அடுத்த தவணையிலேயே பார்த்துவிடலாம்.